சீன மரபிசையும் ஹிப்-ஹாப்பும்: மேலே தூவியதாகத் தோன்றாமல் ஒன்றுகலப்பது எவ்வாறு?

முல்லைப்பண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சீன மரபிசைக் கருவிகளையும் பாடல் முறைகளையும் எலெக்ட்ரானிக் இசையோடும் ஹிப்-ஹாப்போடும் சேர்க்கும் போக்கைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். தைவான் பாடகர் ஜே சௌ தொடங்கி, ஐச்சியி காணொளித் தளம் 2017-இல் நடத்திய ராப் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட காய் வரை, கேட்கக் கிடைத்தவற்றையெல்லாம் கேட்டிருக்கிறேன். இவற்றில் ஒருவகைப் பாடல்கள் என்னைப் பெரிதும் ஏமாற்றுகின்றன. தொடக்கத்தில் கூஜெங் என்னும் சீன நரம்புக் கருவியின் மீது விரல்கள் ஒருமுறை அருவிபோல் ஓடி இறங்கும். அதன்பின் ட்ராப் என்னும் ஹிப்-ஹாப் வகையின், உலகில் எங்கும் கேட்கக்கூடிய தாளம் வந்துவிடும். அந்தக் கூஜெங்கை நீக்கிவிட்டாலும் பாடலுக்கு எந்த இழப்பும் நேராது. வேறு சில பாடல்களிலோ மரபின் பகுதியைப் பிரித்தெடுத்தால் பாடலே நின்றுவிடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

நான் கருநாடக இசையைச் சில ஆண்டுகள் பயின்றவன் என்பதால் சீனத்தின் ஐந்து சுர முறை எனக்கு அந்நியமாகப் படவில்லை. அவர்களுடைய கோங் முறையின் சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்களே. ஆதார சுருதியை ஒவ்வொரு சுரமாக நகர்த்தினால் அவர்களுடைய மற்ற நான்கு முறைகளும் மத்தியமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி ஆகியவற்றின் சுரங்களோடு பொருந்திவிடுகின்றன. ஆகவே சுரங்களைக் கடன்வாங்குவது மட்டும் போதாது என்றும், வேறுபாட்டை உண்டாக்குவது வேறு ஏதோ ஒன்று என்றும் ஐயுறுகிறேன். கணினியில் பீட் அமைத்துப் பழகிவருவதால், இதில் இறங்கிப் பார்க்கும் எண்ணமும் உண்டு. எங்கிருந்து கேட்கத் தொடங்குவது, எதைக் கவனிப்பது என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

வடக்குவாசல் எழுதியது:

நண்பர் முல்லைப்பண் அவர்களுக்கு வணக்கம். தங்கள் ஐயம் சரியானது. ஆயினும் இந்தக் கலப்பு எந்த வழியாக வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், தூவப்படும் கூஜெங் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும்.

சீனாவில் நவீன இசையும் மரபுக் கருவியும் சந்தித்தது ஹிப்-ஹாப்புக்கு முன்பே ராக் இசையில் நிகழ்ந்துவிட்டது. 1986-இல் பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில் பாடிப் புகழடைந்த சுய் ஜியான், கிட்டாரோடு சுவோனாவையும் சேர்த்துக்கொண்டார். சுவோனா என்பது வட சீனக் கிராமங்களில் திருமணத்திலும் இறுதி ஊர்வலத்திலும் ஒலிக்கும், சீவாளி பொருத்திய ஊதுகருவி. மின்கிட்டாரின் உரத்த ஒலிக்கு எதிரே தயங்காமல் நிற்கும் வலிமை அதற்கு இருந்தது.

அடுத்த பெரிய அலை தைவானிலிருந்து வந்தது. 2000-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட ஜே சௌ, பாடலாசிரியர் ஃபாங் வென்ஷானோடு இணைந்து உருவாக்கிய பாடல்களை மக்கள் 'சீனப் பாங்கு' என்று தனிவகையாகவே குறிப்பிடத் தொடங்கினர். அந்த வகைக்கு அடையாளமாகிவிட்ட 2003-ஆம் ஆண்டுப் பாடலில் மீட்டி வாசிக்கும் பீபாவும் வில்லால் இசைக்கும் எர்ஹுவும் ஒலிக்கின்றன என்பது எல்லோரும் சொல்வது. நான் முக்கியமாகக் கருதுவது அதன் உள்ளமைப்பை. பாடலின் மெட்டு ஐந்து சுரங்களைத் தழுவிச் செல்ல, அதன் அடியில் அமெரிக்க ஆர் அண்ட் பி இசைக்குரிய, ஒருங்கே ஒலிக்கும் சுர அடுக்குகள் நகர்கின்றன. சொற்களோ பழங்கவிதையின் படிமங்களால் ஆனவை. மெட்டும் சொல்லும் சேர்ந்து மரபின் பாரத்தைத் தாங்கியதால்தான் அங்கே கருவிகள் அலங்காரமாக நிற்பதைப் பற்றி எவரும் குறைகூறவில்லை. பின்வந்த பலர் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டையும் சொல்லையும் விட்டுவிட்டனர். தங்களை ஏமாற்றும் பாடல்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

அதே காலத்தில், நியூயார்க் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த வாங் லீஹோம் வேறொரு முயற்சியில் இறங்கினார். அவர் 2004 தொகுப்பில் சீனாவின் சிறுபான்மை இனத்தாரின் இசையையும், 2005 தொகுப்பில் பீக்கிங் ஒபேராவையும் குன்ச்சூ ஒபேராவையும் ஹிப்-ஹாப்போடு இணைத்தார். என் கருத்தில் துணிவு அவரிடமே அதிகம். ஆனால் காலத்தைத் தாண்டி நின்றவை ஜே சௌவின் பாடல்கள்தாம்.

2017-க்குப் பின் நடந்ததில் அரசியலும் உண்டு. போட்டி நிகழ்ச்சியால் ராப் இசை திடீரென்று நாடெங்கும் பரவிய சில மாதங்களிலேயே, 2018 ஜனவரியில், ஹிப்-ஹாப் கலாசாரத்தைச் சார்ந்தவர்களைத் தொலைக்காட்சியில் தவிர்க்குமாறு ஒழுங்குமுறை அமைப்பு அறிவுறுத்தியதாகச் செய்திகள் வந்தன. காய் அப்போது பங்கேற்றுக்கொண்டிருந்த பாட்டுப் போட்டியிலிருந்து மறைந்துபோனார். வாள்வீரர் கதையுலகையும் சிச்சுவான் வட்டாரப் பேச்சையும் ராப்பில் கொண்டுவந்த அவருடைய நாட்டம் அதற்கு முந்தையது, உண்மையானது. ஆனால் மற்றவர்கள் பலருக்கு மரபு என்பது ஒரு பாதுகாப்புக் கவசமாகவும் ஆயிற்று என்றே நான் எண்ணுகிறேன். கவசத்துக்காக அணியப்படும் மரபு மேற்பரப்பில்தான் தங்கும்.

தாளக்கட்டு எழுதியது:

வடக்குவாசல் அவர்கள் மெட்டையும் சொல்லையும் பற்றிக் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் முல்லைப்பண் தேடுகிற 'வேறு ஏதோ ஒன்று' காலப் பிரமாணத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஹிப்-ஹாப் முதலில் தாளத்தின் கலை. அதனோடு சீன மரபைச் சேர்க்க விரும்புகிறவர் சீன மரபின் தாளத்தை விட்டுவிட்டு அதன் நரம்புக் கருவிகளிடம் மட்டும் செல்வது ஏன் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

பீக்கிங் ஒபேராவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு மெட்டின் எலும்புக்கூடு ஒன்றாகவே இருக்க, அதை வெவ்வேறு காலங்களில் நீட்டியும் சுருக்கியும் பாடும் முறை ஒன்று உண்டு. மிக மெதுவான காலத்தில் ஒரு வல்லடியும் மூன்று மெல்லடிகளுமாக நான்கு அடிகள் வரும். நடுத்தரக் காலத்தில் இரண்டு. விரைவான காலத்தில் எல்லாமே வல்லடி. மெட்டு நீளும்போது அதன் முதன்மைச் சுரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக, இடைவெளியை அணிச்சுரங்கள் நிரப்புகின்றன. கணினியில் ஒரு சாம்பிளை, அதாவது பதிவுசெய்த ஒலித்துண்டை, நீட்டும்போது இடைவெளி வெறுமையாகவோ கரகரப்பாகவோ விரியும். ஒபேராவிலோ நீளும் ஒவ்வொரு அங்குலமும் புதிய இசையால் நிரப்பப்படுகிறது. பீட் அமைப்பவர் இதிலிருந்து கற்க எவ்வளவோ உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வியப்பது 'யாவ்பான்' என்னும் முறை. மரத் தாளக்கட்டையும் முரசும் பிடிலும் விடாமல் விரைந்து துடித்துக்கொண்டிருக்க, பாடகர் மட்டும் தாளத்துக்குக் கட்டுப்படாமல் நிதானமாக, தம் விருப்பப்படி நீட்டிப் பாடுவார். 'இறுக வாசி, மெல்லப் பாடு' என்பது அந்தக் கலைஞர்களின் வழக்கு. நாடகத்தில் மனக்கொந்தளிப்பு மிகுந்த இடங்களுக்கு இது பெரிதும் பயன்படும். ட்ராப் இசையில் நடப்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 140 என்ற வேகத்தில் ஹை-ஹாட் என்னும் ஜாலரா துடிக்க, கிக், ஸ்னேர் முரசுகள் அதில் பாதி வேகத்தில் விழ, குரல் அந்த மெதுவான தளத்தில் மிதக்கிறது. வேகமான துடிப்பின் மேல் மெதுவான குரல் என்ற ஒரே உணர்வை இரண்டு மரபுகளும் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன. ட்ராப் பிறந்த அட்லாண்டாவின் ஒலிப்பதிவுக் கூடங்களும் பெய்ஜிங்கின் நாடகக் கொட்டகைகளும் சந்திக்கக்கூடிய இடம் இதுவே. இங்கே சேர்க்கப்படும் ஒபேராக் குரல் ஒருபோதும் ஒட்டுப்போட்டதாகத் தோன்றாது. 2018-இல் வெளியான ஹாலிவுட் படம் ஒன்றில் இடம்பெற்ற சீன ராப் பாடகி வாவாவின் பாடலில், ராப் பகுதிகளுக்கு நடுவே ஒபேராக் குரல் வரும் இடத்தைக் கேளுங்கள். அந்தக் குரலே பாடலில் மனத்தைப் பிடித்திழுக்கும் முதன்மைப் பகுதியாக இருப்பதால் அதை எடுத்துவிட முடியாது.

அடுத்து, சேகண்டிகள். பீக்கிங் ஒபேராவின் பெரிய சேகண்டியை அடித்ததும் அதன் சுருதி கீழே சரியும். சிறிய சேகண்டியின் சுருதி அடித்ததும் மேலே ஏறும். சுருதி சரியும் தாளக் கருவி என்பது 808 எனப்படும் மின்னணுத் தாளப்பெட்டியின் பேஸ் ஒலியைப் பயன்படுத்தும் எவருக்கும் நன்கு பழகிய ஒன்று. பெரிய சேகண்டியின் சரிவையும் 808-இன் சரிவையும் ஒரே இடத்தில், ஒரே திசையில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கருவியின் இரு பதிவுகளைப்போல் ஒலிக்கும். இந்தத் தாளங்களைக் கலைஞர்கள் வாயாலும் சொல்லி மனனம் செய்கிறார்கள். நம் மிருதங்கச் சொற்கட்டைப் போலவே ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஒலிக்குறி உண்டு. பாத்திரம் விரைந்து மேடைக்கு வருவதற்கும் போர்க்காட்சிக்கும் 'விரைகாற்று' என்று பொருள்படும் பெயருடைய கட்டு ஒன்றே போதும், ஒரு முழுப் பாடலுக்கான விதை அதற்குள் இருக்கிறது. அந்த வாய்ச்சொற்களையே ராப்பின் இடையில் வைக்கலாமே என்பது என் நெடுநாளைய ஆசை.

ராப்பிலும் சீன மரபுக்கு உறவுமுறை உண்டு. இரண்டு பெரிய மூங்கில் தகடுகளை ஒரு கையிலும், ஐந்து சிறிய தகடுகளை மறு கையிலும் தட்டிக்கொண்டு எதுகை இயைபோடு கதை சொல்லும் 'குவாய்பான்' கலை வட சீனாவில் இன்றும் வாழ்கிறது. வடபகுதி நாடகங்களுக்கும் கதைசொல்லலுக்கும் இயைபு ஒலிகளைப் பதின்மூன்று தொகுதிகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ராப் சீனாவுக்கு முன்பே இருந்தது என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. குவாய்பானில் இயைபு அடியின் இறுதியில், வல்லடியின் மேல் வந்து அமரும். ராப்பில் இயைபு அடிக்கு முன்னும் பின்னும் நழுவி, பல அசைகளுக்கு நீளும். இந்த வேறுபாட்டை உணர்ந்த ஒருவர் ஒரு சரணத்தைக் குவாய்பான் போல நேராக நிறுத்தி, அடுத்த சரணத்தை நழுவவிட்டால், கேட்பவர் இரண்டு மரபுகளையும் ஒரே மூச்சில் அறிந்துகொள்வார்.

ஒலிமேசை எழுதியது:

தாளக்கட்டு அவர்களின் பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நான் ஒலிக்கலவைப் பணியில் இருப்பவன். எனவே கருவிகளைக் கையாளும் நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

கூஜெங்குக்கு இன்று பொதுவாக 21 நரம்புகள். அவை ஐந்து சுர வரிசையில், பெரும்பாலும் மேற்கத்திய டி சுரத்தை ஆதாரமாகக் கொண்டு சுருதி சேர்க்கப்படுகின்றன. வரிசையில் இல்லாத மத்திமத்தையும் நிஷாதத்தையும் பெற, பாலத்துக்கு இடப்புறம் அடுத்த கீழ்ச்சுரத்தின் நரம்பை இடக்கையால் அழுத்துவார்கள். அந்த அழுத்தத்தில் பிறக்கும் வளைவும் நடுக்கமும்தான் கூஜெங்கின் உயிர். கணினியின் சாம்பிள் தொகுப்பில் விசையை அழுத்திச் சுரத்தை எடுப்பவர் இதை முழுவதுமாக இழந்துவிடுகிறார். விரல்களை ஓடவிடும் அந்த அருவி ஒலி மட்டும் எளிதாகக் கிடைப்பதால், எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள். முல்லைப்பண் வருந்தும் தொடக்கங்களுக்குக் காரணம் இதுவே. தொகுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், சுருதி வளைவை ஒவ்வொரு சுரத்துக்கும் கையால் வரைந்து கொடுங்கள். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் பலன் உடனே கேட்கும். கூஜெங்கின் நரம்பு அடங்காமல் நெடுநேரம் ஒலிக்கும் என்பதையும் மறக்கலாகாது. 808-இன் நீண்ட பேஸுக்கு மேல் அதை அப்படியே விட்டால் எல்லாம் கலங்கிவிடும். உள்ளங்கையால் அடக்கி வாசித்த பதிவு கிடைத்தால் பீட்டுக்கு அது சிறந்தது.

எர்ஹுவின் இரண்டு நரம்புகளும் நடு சி-க்கு அடுத்த டி-யிலும் அதற்கு மேலுள்ள ஏ-யிலும் நிற்கின்றன. அதன் ஒலி பாடும் குரலின் எல்லைக்குள்ளேயே பெரிதும் உலவுகிறது. எனவே ராப் ஒலிக்கும்போது எர்ஹுவும் ஒலித்தால் சொற்கள் தெளிவிழக்கும். குரல் நிற்கும் இடத்தில் எர்ஹு பதில் சொல்வதாக அமையுங்கள். பீபாவில் ஐந்து விரல்களையும் சுழற்றி ஒரே நரம்பை இடைவிடாமல் மீட்டும் முறை உண்டு. ஹை-ஹாட்டில் வரும் விரைவுச் சுழற்சியின் வேலையை அது அழகாகச் செய்துவிடும். ஆனால் இரண்டையும் ஒருங்கே வைக்காதீர்கள், ஹை-ஹாட்டை நிறுத்திவிட்டுப் பீபாவை அந்த இடத்தில் அமர்த்துங்கள். அப்போது பீபாவை நீக்கினால் தாளமே விழும். முல்லைப்பண் கேட்ட 'பிரித்தெடுக்க முடியாத' தன்மைக்கு இதுவே எனக்குத் தெரிந்த மிக எளிய வழி. டிஸி புல்லாங்குழலின் துளையொன்றில் நாணலின் உட்தோல் ஒட்டப்பட்டிருப்பதால் அதன் ஒலியில் மெல்லிய அதிர்வுச் சலசலப்பு இருக்கும். சத்தம் என்று எண்ணி அதை வடிகட்டிவிட வேண்டாம்.

எலெக்ட்ரானிக் பக்கம் கேட்க விரும்பினால் பெய்ஜிங்கின் ஹோவி லீயிடம் தொடங்குங்கள். 2021-இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் மரபுக் கருவியும் சிந்தசைசரும் ஒன்றுக்கொன்று பின்னணியாக மாறிமாறி நிற்கின்றன. அதற்கு முன்னர், பெய்ஜிங்கைச் சேர்ந்த எஃப்எம்3 இருவர் குழு 2005-இல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒன்பது இசைத்துண்டுகளை (லூப்களை) ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து விற்றது. கோயில்களில் மந்திரம் ஓதிக்கொண்டே இருக்கும் பெட்டியின் வடிவம் அது. மரபிலிருந்து சுரத்தைக்கூட எடுக்காமல், கேட்கும் முறையை எடுத்துக்கொண்ட அரிய முயற்சியாக அதை மதிக்கிறேன்.

முல்லைப்பண் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. யாவ்பானைப் பற்றிப் படித்த பின் சில ஒபேராப் பதிவுகளைக் கேட்டேன். விரையும் கட்டையின் மேல் குரல் மிதப்பதை இப்போது தெளிவாக உணர முடிகிறது. இன்னும் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. ஷான்சி மாநிலத்தின் ஹுவாயின் பகுதியில் பாடப்படும் 'லாவ்ச்சியாங்' என்னும் இசையைக் கேட்டு வியந்துபோனேன். அந்தக் குரலைச் சாம்பிளாக எடுத்து, சுருதியைச் சீர்செய்து, பீட்டின் மேல் வைக்கலாமா? இதில் கலை சார்ந்த தடை ஏதும் உண்டா, அறம் சார்ந்த தடை உண்டா?

வடக்குவாசல் எழுதியது:

முல்லைப்பண் அவர்களே, இரண்டும் உண்டு.

லாவ்ச்சியாங் தோல்பாவை நிழற்கூத்துக்காகப் பிறந்த இசை. ஒருவர் மரத்துண்டால் நீண்ட மரப்பலகை இருக்கையை ஓங்கி அடிக்க, குழுவினர் அனைவரும் ஒரே குரலில் வெடித்துப் பாடுவார்கள். நெடுங்காலம் அது ஒரு குடும்பத்தாருக்குள்ளேயே கைமாறி வந்தது. 2006-இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பாடகி தான் வெய்வெய் 2015-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்தக் கலைஞர்களையே மேடையேற்றி ராக் இசையோடு பாடினார். 2016 வசந்த விழா ஒளிபரப்பிலும் அவர்கள் ஒன்றாகப் பாடினர். அவர்களுடைய குரலைத் துண்டாக எடுத்துப் பின்னணியில் ஒட்டாமல், முதியவர்களை முன்னிறுத்தித் தாம் அவர்களுக்கு மறுகுரலாக நின்றதே அந்த நிகழ்ச்சியின் வெற்றி என்பேன். பலகையின் அடி ட்ரம்ஸுக்கு முன்னால் கேட்டது.

சுருதியைச் சீர்செய்வது பற்றிக் கேட்டீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஷான்சி நாடக இசைகளில் துயரத்துக்கென ஒரு சுர முறை உண்டு. அதில் மத்திமம் சற்றே உயர்ந்தும், நிஷாதம் சற்றே தாழ்ந்தும் நிற்கும். பியானோவின் எந்த விசையிலும் அந்தச் சுரங்கள் இல்லை. சுருதியைச் சீர்செய்யும் ஆட்டோட்யூன் மென்பொருள் அவற்றைப் பிழையெனக் கொண்டு அருகிலுள்ள விசைக்கு இழுத்துவிடும். தாங்கள் வியந்த அந்தக் குரலில் எது தங்களைத் தைத்ததோ அதுவே போய்விடும். அந்தச் சுரங்களைக் காக்க விரும்பினால் குரலை மாற்றாமல் பீட்டை மாற்ற வேண்டும். சுர அடுக்குகளைக் குறைத்து, மத்திமமும் நிஷாதமும் வராத பேஸை மட்டும் அடியில் நிறுத்துங்கள். சிந்தசைசரையும் அந்தச் சுருதிக்கே சரிசெய்யலாம். கருநாடக இசையில் பயின்ற செவிக்கு அந்த நுண்மை எளிதில் பிடிபடும்.

அறம் பற்றி என் கருத்து இதுதான். பதிவின் உரிமையாளரிடம் அனுமதி பெறுவது சட்டம். அதோடு நில்லாமல், பாடியவர்களின் பெயரைப் பாடலின் தலைப்பிலேயே சேருங்கள், வருவாயில் பங்கு கொடுங்கள். 1990-களில் திபெத்திய இசையின் பெயரால் ஹான் சீனக் கலைஞர்கள் உருவாக்கிய தொகுப்பு ஒன்று உலகெங்கும் விற்பனையானபோது, அதில் திபெத்தியர்களின் குரல் எங்கே என்ற கேள்வி கடுமையாக எழுந்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வி எழுமென்றால், வெளியிலிருந்து எடுக்கும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் முயற்சிக்குத் தாளக்கட்டு அவர்கள் சொன்ன 'விரைகாற்று' என்னும் தாளக் கட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். சேகண்டியையும் கட்டையையும் தாங்களே வாசித்துப் பதிவுசெய்ய முடியும், எவருடைய குரலையும் எடுக்க வேண்டியதில்லை. பீட் உருவானதும் இங்கே பகிருங்கள். சேகண்டியும் 808-உம் சரியும் இடத்தை ஒலிமேசை அவர்கள் பார்த்துச் சொல்வார்.